ஒரே தலைமுறை என்றால் ஒரே வயது அல்ல

குடும்ப மரம் வரைபவர்கள், தலைமுறைக்கு 25 ஆண்டு என்று கணக்குப் போட்டு, தெரியாத பிறந்த ஆண்டுகளை நிரப்பிவிடாதீர்கள். பிறகு பழைய பதிவேடுகளில் தேடும்போது அந்த ஊகம் வேறு யாரையோ உங்கள் முன்னோராக்கிவிடும்.

அமெரிக்காவின் 10ஆவது குடியரசுத் தலைவர் ஜான் டைலர் 1790இல் பிறந்தவர். இரண்டு மனைவியர், 15 பிள்ளைகள். மூத்த மகள் மேரி பிறந்தது 1815, கடைக்குட்டி பெர்ல் பிறந்தது 1860. உடன்பிறந்தவர்களுக்குள் 45 ஆண்டு இடைவெளி! இரண்டாம் மனைவி ஜூலியாவே மேரியைவிட ஐந்து வயது இளையவர். 1853இல் பிறந்த மகன் லயனுக்குத் தம் 75ஆம் வயதில், 1928இல், ஒரு மகன் பிறந்தார். அந்தப் பேரன் 2025 வரை வாழ்ந்தார்.

நம் வீடுகளிலும் இது புதிதல்ல. தாயும் மூத்த மகளும் ஒரே ஆண்டில் பிள்ளை பெற்ற காலம் உண்டே. என் அம்மா, தன்னைவிட ஆறு வயது இளையவரை, தான் இடுப்பில் சுமந்து திரிந்தவரை, 'மாமா' என்றுதான் கடைசிவரை அழைத்தார்.

எனவே ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்குப் பக்கத்திலும், அப்போது தாய்க்கு என்ன வயது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். தந்தையின் வயதை வைத்து முடிவுக்கு வர முடியாது. தாயின் வயது ஏமாற்றாது. அது 15க்குக் கீழேயோ 50க்கு மேலேயோ போனால் அங்கேயே நிறுத்துங்கள். இன்னொரு மனைவி விடுபட்டிருக்கலாம், அல்லது பேரனை மகன் வரிசையில் எழுதியிருக்கலாம். வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் இதைக் கேளுங்கள்: "தாத்தாவுக்கு இரண்டாம் தாரம் உண்டா?"