வீடு வீடாகச் சர்வே எடுப்பது எப்படி? (6.6-ஐ 6 ஆக்கியவன் எழுதுவது)

ஒரு பல்கலைக்கழகத்தின் சர்வே மையத்தில் இரண்டரை வருஷம் கள மேற்பார்வையாளனாக இருந்தேன். அங்கிருந்து வந்த பிறகும் மாதத்துக்கு ஒருவராவது, "பிஎச்டிக்கு ஒரு சர்வே எடுக்கணும், கூகுள் ஃபார்ம் அனுப்பினாப் போதுமா?" என்று கேட்டுவிடுகிறார்கள். போதாது. உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களில் நிரப்ப நேரமும் மனசும் உள்ளவர்கள் மட்டும்தான் அதில் வருவார்கள். ஒரு தாலுகா மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று சொல்ல வேண்டுமானால், அந்தத் தாலுகாவின் ஒவ்வொரு வீட்டுக்கும் உங்கள் பட்டியலில் விழ ஒரு வாய்ப்பு இருந்திருக்க வேண்டும். மையங்கள் செய்யும் வேலையில் முக்கால்வாசி இதற்காகத்தான். அதைச் சின்ன அளவில் நீங்களே செய்ய முடியும். எப்படி என்று சொல்கிறேன்.

ஆய்வுக் கேள்வி என்ன, ஏன் என்பதெல்லாம் உங்கள் கைடு பார்த்துக்கொள்வார். அதற்குள் நான் போகவில்லை. நெறிமுறைக் குழுவின் அனுமதியை மட்டும் முதலிலேயே வாங்கிவிடுங்கள். களத்துக்குப் போய்விட்டு வந்து கேட்டால் தர மாட்டார்கள்.

படி 1: எத்தனை பேர்?

95 சதவீத நம்பிக்கை, கூட்டியோ குறைத்தோ 5 சதவீதப் பிழை என்று வைத்தால் சூத்திரம் 385 என்ற எண்ணைத் தரும். பல ஆய்வேடுகளில் இந்த 385-ஐப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அது தாலுகா முழுக்கச் சிதறலாக ஆள் பிடித்தால் வரும் கணக்கு. நாம் சில ஊர்களைப் பிடித்து, ஊருக்கு 20 வீடு என்று எடுக்கப் போகிறோம். ஒரே ஊர்க்காரர்கள் பல விஷயங்களில் ஒரே மாதிரி இருப்பார்கள். அந்த 20 பதில்கள் 20 தனிப் பதில்களுக்குச் சமமாகாது. அதற்காக ஒன்றரை மடங்கு போடுங்கள்: 577. பத்தில் ஒருவர் கிடைக்க மாட்டார் அல்லது மறுப்பார் என்று வைத்தால் கிட்டத்தட்ட 640. அதாவது 32 ஊர், ஊருக்கு 20 வீடு.

படி 2: எந்த ஊர்கள்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராமவாரிப் பட்டியலில் ஒவ்வொரு ஊரின் குடும்ப எண்ணிக்கையும் இருக்கிறது. பழசுதான். ஆனாலும் ஊரைத் தேர்ந்தெடுக்க அது போதும், ஊருக்குள் போனதும் புதிதாக எண்ணத்தானே போகிறோம். எக்செலில் ஊர்களை வரிசையாகப் போட்டு, பக்கத்தில் கூட்டிக்கொண்டே வாருங்கள். முதல் ஊர் 410. இரண்டாவது 650, கூட்டினால் 1,060. மூன்றாவது 1,320, கூட்டினால் 2,380. மொத்தம் 48,000 குடும்பம் என்றால், 32-ஆல் வகுத்து இடைவெளி 1,500. ஒன்றிலிருந்து 1,500-க்குள் குலுக்கலில் ஓர் எண்: 730 வந்தது என்று வைப்போம். 730 இரண்டாவது ஊரில் விழுகிறது. அடுத்து 2,230, அது மூன்றாவது ஊரில். இப்படியே 1,500 கூட்டிக்கொண்டு போனால் 32 ஊர் வந்துவிடும். பெரிய ஊருக்கு அதிக வாய்ப்பு, சின்ன ஊருக்குக் குறைந்த வாய்ப்பு. உள்ளே போனதும் எல்லா ஊரிலும் சமமாக 20 வீடு எடுப்பதால் அது ஏறக்குறைய நேராகிவிடும்.

படி 3: லிஸ்டிங் (இங்கேதான் நான் விழுந்தேன்)

தேர்வான ஊரில் கேள்வி கேட்பதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க நடக்க வேண்டும். தெருத் தெருவாக வரைபடம் வரைந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் எண் கொடுத்து, குடும்பத் தலைவர் பெயரை எழுதிக்கொள்வதுதான் லிஸ்டிங். ஊர் 300 வீட்டைத் தாண்டினால் துண்டுகளாகப் பிரித்து, குலுக்கலில் ஒரு துண்டை எடுத்து அதை மட்டும் லிஸ்ட் செய்யலாம். இதற்கு மட்டும் பேப்பரும் பென்சிலும்தான் என் கட்சி. கொளுத்தும் வெயிலில் டேப்லெட் திரையில் தெரு வரைந்து பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும்.

லிஸ்டிங்கில் முதல் தகராறு: குடும்பம் என்றால் என்ன? "இந்த வீட்ல எத்தனை குடும்பம்?" என்று கேட்டால், ரேஷன் கார்டு எத்தனையோ அதைச் சொல்வார்கள். அண்ணன் தம்பி இருவருக்கும் தனித்தனிக் கார்டு இருக்கும், சோறு ஒரே பானையில் வேகும். மாமியார் பெயர் மகன் கார்டில் இருக்கும், ஆனால் பின்கட்டில் தனியாகப் பொங்கிக்கொண்டிருப்பார். சர்வேயில் குடும்பம் என்பது ஒரே அடுப்பில் சாப்பிடுபவர்கள். அதனால், "எல்லாருக்கும் ஒரே உலையா, தனித்தனியாப் பொங்குறீங்களா?" என்று கேளுங்கள். சட்டென்று பதில் வரும்.

அடுத்தது வீட்டைத் தேர்ந்தெடுப்பது. ஓர் ஊரில் 132 குடும்பம் வந்தது. 20 வேண்டும். 132-ஐ 20-ஆல் வகுத்தால் 6.6; குலுக்கலில் வந்த வீட்டில் ஆரம்பித்து, அந்த இடைவெளிக்கு ஒரு வீடு எடுக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், "தசமத்தை வைத்துக்கொண்டு எவன் அல்லாடுவது" என்று 6 ஆக்கிவிட்டேன். குலுக்கலில் அதிகபட்ச எண்ணான ஆறாவது வீட்டில் ஆரம்பித்தாலும் 6, 12, 18 என்று போய் 120-ல் 20 வீடும் முடிந்துவிடும். 121 முதல் 132 வரையுள்ள வீடுகளுக்கு எந்தக் குலுக்கலிலும் வாய்ப்பே கிடையாது.

அந்தப் பன்னிரண்டு யார் என்று பாருங்கள். லிஸ்டிங் எடுத்த பையன்கள் வழக்கம்போலப் பிள்ளையார் கோயிலில் ஆரம்பித்து, ஊர்த் தெருக்களை முடித்துவிட்டு, கடைசியாக வாய்க்காலைத் தாண்டிக் காலனிக்குப் போயிருக்கிறார்கள். காலனியில் இருந்தவை சரியாக 12 வீடுகள்.

எனக்கு இது தெரியவே இல்லை. எங்கள் மையத்தில் பல வருஷமாகக் களப்பணி பார்த்த அக்கா ஒருவர் இருந்தார். நிரப்பிய படிவங்களைப் புரட்டிக்கொண்டே, "தம்பி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தரையும் பிடிக்கலையா?" என்றார். கேள்வியில் கோபம் எதுவும் இல்லை. நான் போய் வரைபடத்தைப் பார்த்தேன். பிறகு மற்ற ஊர்களையும் பார்த்தேன். ஐந்து ஊரில் இதே கதை. அதில் மூன்றில் பட்டியலின் வால் காலனியில்தான் முடிந்தது. எந்த ஊரிலும் யாரும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை. நடந்த வரிசையும் நான் வெட்டிய தசமமும் சேர்ந்து அந்த வேலையைச் செய்துவிட்டன. ஐந்து ஊருக்கும் திரும்பப் போனோம்.

சரியான முறை இதுதான். இடைவெளியை 6.6 என்றே வையுங்கள். 0-க்கும் 6.6-க்கும் நடுவில் குலுக்கலில் ஓர் எண், உதாரணமாக 3.2. அதோடு 6.6 கூட்டிக்கொண்டே போங்கள்: 3.2, 9.8, 16.4, 23.0. கூட்டி முடித்த பிறகுதான் ஒவ்வொன்றையும் மேல்நோக்கி முழு எண்ணாக்க வேண்டும்: 4, 10, 17, 23. இருபதாவது எண் 128.6, அதாவது 129-ஆவது வீடு. கோயிலிலிருந்து காலனி வரை எல்லா வீட்டுக்கும் ஒரே வாய்ப்பு. எக்செலில் ரவுண்ட்அப் போட்டால் ஐந்து நிமிஷ வேலை.

வீட்டைத் தேர்ந்தெடுப்பது அலுவலகத்தில் நடக்க வேண்டும், களப்பணியாளர் கையில் கொடுக்கக் கூடாது. "இடது பக்கம் ஒவ்வொரு ஆறாவது வீடு" என்று தெருவில் விட்டால், நாய் கட்டியிருக்கும் வீடு ஏழாவது வீடாகிவிடும்.

படி 4: வீட்டில் யாரைக் கேட்பது?

காலை பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள்? வயதானவர்களும், வேலைக்குப் போகாத பெண்களும். கதவு திறந்தவரையே கேட்டுவிட்டு வந்தால் அது தாலுகாவின் கருத்து ஆகாது, பதினொரு மணியின் கருத்து. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக சர்வே ஆய்வு மையம் தொடங்கியது 1946-ல். அங்கிருந்த லெஸ்லி கிஷ் இந்தச் சிக்கலுக்காகவே 1949-ல் ஓர் அட்டவணையை வெளியிட்டார். வீட்டில் 18 வயது தாண்டியவர்களை ஒழுங்கான ஒரு வரிசையில் எழுதிக்கொண்டால், இவரைத்தான் கேட்க வேண்டும் என்று அட்டவணை சொல்லிவிடும். இன்றைக்கும் கிஷ் கட்டம் என்றுதான் பெயர்.

இன்னொரு முறை, 'அடுத்த பிறந்தநாள் யாருக்கோ அவரைக் கேள்' என்பது. நம் ஊரில் இதை நம்பாதீர்கள். பாதிப் பேருக்குப் பிறந்த தேதி என்பது பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட ஜூன் மாதத் தேதி, மீதிப் பேருக்கு அதுவும் கிடையாது.

தேர்வானவர் வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது. திரும்ப வர வேண்டும், வேறு வேறு நேரத்தில், மூன்று தடவை. மாலை ஆறரைக்கு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை. அப்படியும் கிடைக்காவிட்டால் 'கிடைக்கவில்லை' என்று குறித்துவிட்டு விட்டுவிடுங்கள். அந்த இழப்புக்காகத்தான் முதலிலேயே 577-ஐ 640 ஆக்கினோம்.

படி 5: வினாப்பட்டியலும் கருவியும்

ஆளாளுக்கு ஆப் சொல்வார்கள். நான் கோபோ டூல்பாக்ஸ் பக்கம். இணையம் இல்லாத ஊரிலும் போனிலேயே சேமித்துவைத்துப் பிறகு அனுப்பும். படிவத்தை எக்செலில் எழுதிவிடலாம். ஒரே எச்சரிக்கை: கேள்விகளை டிடிபி கடையில் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வாங்கியிருந்தால், எக்செலில் ஒட்டும்போது எல்லாம் ஆங்கிலக் குப்பையாக வரும். முதல் நாளிலிருந்தே யூனிகோடில் அடியுங்கள்.

கேள்வியை எழுதி முடித்ததும் சாம்பிளில் இல்லாத ஓர் ஊரில் 15, 20 பேரிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் முன்சோதனையில் ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பற்றி ஒரு கேள்வி: "அங்கே சிகிச்சை எப்படி?" மிக நன்று முதல் மிக மோசம் வரை ஐந்து விடைகள். ஒரு பாட்டி, "பரவாயில்ல சாமி" என்றார். இதை எங்கே போடுவது? ஒருவர் 'நன்று' என்று போட்டிருந்தார், இன்னொருவர் 'சுமார்' என்று. "பரவாயில்லையே!" என்று இழுத்தால் பாராட்டு. "பரவாயில்ல" என்று கையை உதறினால் சலிப்பு. கடைசியில் கேள்வியை இரண்டாக உடைத்தோம். முதலில் "திருப்தியா, திருப்தி இல்லையா?" என்று கேட்டு, அப்புறம் "ரொம்பவா, ஓரளவா?" என்று கேட்பது. இரண்டிலும் சேராதவர்களுக்கு மட்டும் நடுவிடை.

'வேலை' என்ற சொல்லும் அப்படித்தான். "என்ன வேலை பாக்குறீங்க?" என்றால், "சும்மாதான் வீட்ல இருக்கேன்" என்பார், இரண்டு மாடு கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றும் பெண். "போன ஏழு நாள்ல மாடு கன்னு பாத்தீங்களா? நூறு நாள் வேலைக்குப் போனீங்களா? பூ கட்டினீங்களா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் வெளியே வரும்.

படி 6: களம்

நான்கு பேருக்கு ஒரு மேற்பார்வையாளர். நான்கைந்து நாள் பயிற்சி, அதில் ஒரு நாளாவது ஒருவரை ஒருவர் பேட்டி எடுக்க வேண்டும். கேள்வியை எழுதியிருக்கிறபடியே வாசிக்கப் பழகுவதுதான் பயிற்சியின் பாதி. பஞ்சாயத்துத் தலைவருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். ஆனால் அவர் ஆளைக் கூடவே வீட்டுக்கு அனுப்ப விடாதீர்கள், குடிநீர்க் கேள்விக்கு நேர்மையான பதில் வராது. ஒப்புதல் கேட்கும்போது, மறுக்கலாம், நடுவில் நிறுத்தலாம் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

தினமும் இரவு தரவைத் திறந்து பாருங்கள். 40 நிமிஷப் பேட்டி 11 நிமிஷத்தில் முடிந்திருந்தால் மறுநாள் காலை முதல் வேலை அதுதான். பத்தில் ஒரு வீட்டுக்கு மேற்பார்வையாளர் திரும்பப் போய் நான்கைந்து கேள்வியை மறுபடி கேட்க வேண்டும். "யாராவது வந்தாங்களா?" என்பதே முதல் கேள்வி.

கடைசியாக வெயிட், அதாவது யாருடைய பதிலை எத்தனை மடங்காக எண்ணுவது என்ற கணக்கு. ஐந்து பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒருவரைக் கேட்டால், அவருக்குக் கிடைத்த வாய்ப்பு தனியாக வாழ்பவருக்குக் கிடைத்ததில் ஐந்தில் ஒரு பங்கு. பகுப்பாய்வில் அவரை ஐந்து மடங்காக எண்ண வேண்டும். வயது வந்தோர் எண்ணிக்கை, ஊரில் உண்மையில் லிஸ்ட் ஆன குடும்பங்கள், துண்டு போட்டிருந்தால் எந்தத் துண்டு, எல்லாவற்றையும் பத்திரமாகச் சேமித்தால்தான் இதைச் செய்ய முடியும்.

பிற்சேர்க்கை 1: ஆள் தேர்வைக் கோபோவிடமே விட்டதாகவும், படிவத்தைத் திரும்பத் திறக்கும்போது தேர்வான ஆள் மாறிவிடுவதாகவும் ஒரு வாசகி எழுதியிருந்தார். நான் இதைச் சொல்லாமல் விட்டது தப்பு. ரேண்டம் என்ற சார்பு படிவம் மறுபடி கணக்கிடும்போதெல்லாம் புது எண் தரும். அதை ஒன்ஸ் என்ற சார்புக்குள் வையுங்கள். முதலில் வந்த எண் அப்படியே நிற்கும். இல்லாவிட்டால் களப்பணியாளர்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள், வீட்டில் இருக்கும் ஆள் வரும்வரை திறந்து திறந்து மூடுவார்கள்.

பிற்சேர்க்கை 2: நாகை மாவட்டக் கடலோரக் கிராமங்களில் ஆண்கள் மூன்று தடவை போனாலும் கிடைப்பதில்லை, மீன்பிடித் தடைக்காலத்தில் போகலாமா என்று இன்னொருவர் கேட்டார். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் போகாது, ஆட்கள் கிடைப்பார்கள்தான். ஆனால் உங்கள் படிவத்தில் "போன முப்பது நாள் வருமானம்" என்ற கேள்வி இருந்தால், தடைக்கால வருமானம் வருஷ வருமானமாக வேடம் போடும். கேள்வியை 'தடைக்கு முந்தின மாதம்' என்று மாற்றுங்கள். மாற்ற முடியாதென்றால், கடலுக்குப் போகாத நாள் எது என்று அந்தந்த ஊரில் விசாரித்து அன்றைக்குப் போங்கள்; அது ஊருக்கு ஊர் வேறுபடும்.