ஆட்டுக்கு வாய்ப்புண், நமக்கு விரலில் கொப்புளம்: செய்யக்கூடாத தவறுகள்

வட சென்னையின் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர் சந்துகளில் இன்றும் வாசலில் ஆடு கட்டி வளர்க்கிறார்கள். பக்ரீத் நெருங்கினால் இன்னும் அதிகம். அந்த ஆடுகளுக்குச் சில சமயம் உதட்டோரத்தில் தடித்த பக்கு கட்டும்; தீனி எடுக்க முடியாமல் தவிக்கும். பாவம் பார்த்து மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து வெறும் விரலால் தடவிவிடுகிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது. கையுறை போடாமல் அந்த வாயைத் தொடவே கூடாது.

அது 'ஆர்ஃப்' என்ற அம்மை வைரஸாக இருக்கலாம். வெள்ளாடு, செம்மறி இரண்டுக்கும் வரும். நம் விரலில் சிறு கீறல் இருந்தால் போதும், உள்ளே புகுந்துவிடும். 3 முதல் 7 நாட்களில் ஒரு தடிப்பு எழும்பும். பிறகு நடுவில் சிவப்பு, சுற்றிலும் வெள்ளை வளையம், அதற்கு வெளியே மறுபடி சிவப்பு. பார்வைக்குச் சீழ்க்கட்டி போலவே இருப்பதால் ஊசியால் குத்துகிறார்கள், பிளேடால் கீறுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உள்ளே வடிய வேண்டிய சீழ் ஏதும் இல்லை. கீறிய வழியில் பாக்டீரியா புகுந்து கை வீங்குவதுதான் மிச்சம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக்கும் வைரஸை ஒன்றும் செய்யாது. சுத்தமாக வைத்து, கட்டுப்போட்டு மூடினால் பெரும்பாலும் சில வாரங்களில் தானே ஆறிவிடும்.

தானே ஆறும் என்று மருத்துவரிடம் போகாமல் இருப்பதும் ஆபத்து. கால்நடைகளிடமிருந்து வரும் ஆந்த்ராக்ஸ் என்ற பாக்டீரியா நோயும் வலியில்லாத, கருத்த பக்குள்ள புண்ணாகத் தோன்றும். அதற்கு உடனே சிகிச்சை வேண்டும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்று உள்ளே போனதும் விரலை மட்டும் நீட்டாதீர்கள். 'வீட்டில் ஆடு இருக்கிறது, அதற்கும் வாயில் புண்' என்று சொல்லுங்கள். ஆடு அறுக்கும் ஆட்டுத்தொட்டியில் வேலை என்றால் அதையும் சொல்லுங்கள். இந்த ஒரு தகவல் இல்லாமல் மருத்துவர் வேறெங்கோ தேட வேண்டியிருக்கும்.

பால் கறப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. மடிக்காம்பில் புண் உள்ள பசு, எருமையிடமிருந்து கைக்கு அம்மைக் கொப்புளம் தொற்றும். ஆனால் மாட்டின் உடலெங்கும் கழலை கழலையாக வரும் தோல் கழலை நோய் மனிதர்களுக்கு வராது; அந்த மாட்டைக் கண்டு மிரண்டு தெருவில் விரட்டிவிடுவது பெருங்கொடுமை.

'சின்ன வயதிலேயே எனக்கு அம்மை போட்டுவிட்டது, இனி வராது' என்று நம்பி இருப்பவர்கள் பலர். சின்னம்மை வேறு வைரஸ் குடும்பம். 1980இல் உலகை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட பெரியம்மைக்குப் போட்ட ஊசியின் தழும்பும் ஆர்ஃபைத் தடுக்காது. காய்ச்சல், நெறிகட்டுதலோடு உடலில் கொப்புளம் வந்தால் அது குரங்கம்மையாகவும் இருக்கலாம். தனித்திருந்து உடனே மருத்துவரைப் பாருங்கள்.

உதிர்ந்த பக்கில் வைரஸ் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். ஆகவே பழைய கயிற்றையும் தீனித்தொட்டியையும் கழுவாமல் புது ஆட்டுக்குக் கொடுக்காதீர்கள். நோயுள்ள ஆட்டைக் குழந்தைகள் கட்டிப்பிடித்துக் கொஞ்ச விடாதீர்கள். எக்சிமா என்ற தோல் அழற்சி உள்ளவர்களுக்கும் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் புண் பெரிதாகிப் பரவக்கூடும். ஆடு தேறும்வரை அதைக் கவனிக்கும் வேலையை வீட்டில் வேறொருவர் பார்க்கட்டும்.