பெருக்கல் வாய்ப்பாட்டுக்குச் சொற்கட்டு

இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பெருக்கல் வாய்ப்பாட்டைக் கொன்னக்கோல் (கர்நாடக இசையில் தாளத்தை வாயாலேயே சொல்லும் முறை) சொற்கட்டோடு சொல்லிக்கொடுங்கள். மூன்றுக்குத் ‘தகிட’, நான்குக்குத் ‘தகதிமி’, ஐந்துக்குத் ‘தகதகிட’, ஏழுக்குத் ‘தகிட தகதிமி’. பாதி வகுப்பு தொடையில் தட்டியபடி சொற்கட்டை நிறுத்தாமல் சொல்லட்டும். மறுபாதி ஒவ்வொரு சுற்றின் கடைசி அட்சரத்தில் (எழுத்தில்), ஐந்தாம் வாய்ப்பாடு என்றால் 5, 10, 15 என்று எண்ணைச் சொல்லட்டும். பிறகு இடம் மாறிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு அட்சரமும் ஒன்று என்பதால், அந்த எண் எப்படி வந்தது என்பதைப் பிள்ளை கையாலேயே உணர்கிறது. வெறும் ஒப்பிப்பில் இது கிடைக்கவே கிடைக்காது! யாராவது ஓர் அட்சரத்தை விட்டாலும் தட்டு பிசகிக் காட்டிக்கொடுத்துவிடும். மேடைக்கும் இதுவே போதும்: வேகத்தை இரட்டித்தால் ஆண்டு விழாவுக்கு வாத்தியமோ வாடகையோ இல்லாத அருமையான நிகழ்ச்சி தயார்.

ஏழெட்டு எவ்வளவு என்று திடீரெனக் கேட்டால் இது உதவாது; பிள்ளை முதலிலிருந்து தட்டத் தொடங்கிவிடும். வரிசை பிடிபட்டதும் தாளத்தை நிறுத்திவிட்டு, மாற்றி மாற்றிக் கேளுங்கள். பத்துக்கு மேற்பட்ட வாய்ப்பாடுகளுக்குச் சொற்கட்டு நீண்டுவிடுவதால் அங்கேயும் வேண்டாம்.