பழைய டிஸ்கெட்டை டிரைவில் தள்ளுவதற்கு முன்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து ஆபீஸ் அலமாரியைத் திறந்தால் இன்னும் டிஸ்கெட் (பழைய ஃபிளாப்பி வட்டு) பெட்டி கிடைக்கும். பழைய செக்ரோல் (தோட்டத் தொழிலாளர் சம்பளப் பதிவேடு), கோயில் திருவிழா வரவு செலவு, யாரோ தட்டச்சு செய்து வைத்த கல்யாணப் பத்திரிகை என்று உள்ளே எதுவும் இருக்கலாம். "சும்மா பார்க்கத்தானே போறோம்" என்று அப்படியே டிரைவில் தள்ளுவார்கள். முதல் தவறே அதுதான். பூட்டாத, அதாவது எதுவும் எழுத முடியாதபடி தடுத்து வைக்காத டிஸ்கெட்டைத் திறந்து பார்த்தாலே போதும், விண்டோஸ் 95 அதன் பூட் செக்டரில் (டிஸ்கெட்டின் முதல் பகுதியில்) தன் அடையாளத்தை எழுதிவிடும்.

சரி, பூட்டுவோம் என்றால் அடுத்த குழப்பம் ஓட்டை. மூன்றரை அங்குல டிஸ்கெட்டின் மூலையில் நகத்தால் தள்ளக்கூடிய சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதைத் தள்ளி ஓட்டை தெரிந்தால் பூட்டியாகிவிட்டது; ஓட்டை மூடியிருந்தால் எழுதலாம். ஐந்தே கால் அங்குலத்தில் தலைகீழ்: ஓரத்து வெட்டு திறந்திருந்தால் எழுதலாம், ஸ்டிக்கர் ஒட்டி மூடினால்தான் பூட்டு. அதற்கும் முந்திய எட்டு அங்குலத்தில் வெட்டு திறந்திருந்தால் பூட்டு. எந்தப் புண்ணியவான் இப்படி மாற்றி மாற்றி வைத்தாரோ! மூன்றரையின் எதிர் மூலையில், தள்ளும் துண்டே இல்லாத ஓட்டை 1.44 எம்பி டிஸ்கெட் என்பதற்கான அடையாளம். அதில் கை வைக்காதீர்கள்.

ஐந்தே கால் டிஸ்கெட்டுக்கு ஸ்டிக்கர் இல்லையென்று செலோடேப் ஒட்டுகிறவர்கள் உண்டு. பல டிரைவ்கள் அந்த வெட்டில் ஒளி புகுகிறதா என்றுதான் பார்க்கும். கண்ணாடி மாதிரி இருக்கும் டேப்பில் ஒளி தாராளமாகப் புகும். பூட்டியதாக நினைத்திருப்பது நீங்கள் மட்டும்தான். ஒளி புகாத ஸ்டிக்கரையே ஒட்டுங்கள். நம் ஊர் வெயிலில் பசை இளகும், விளிம்பு தூக்கியிருந்தால் டிரைவுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

பெரிய சேதம் நடப்பது டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில். பூட்டிய டிஸ்கெட்டில் எழுதப் போனால் 'அபார்ட், ரீட்ரை, ஃபெயில்' (விட்டுவிடவா, மறுபடி முயலவா, தோல்வி என்று எடுத்துக்கொள்ளவா) என்று கேட்கும். உடனே அதை உருவிவிட்டு வேறொரு டிஸ்கெட்டைப் போட்டு ரீட்ரைக்கு ஆர் அழுத்துவார்கள். முதல் டிஸ்கெட்டின் கோப்பு அட்டவணை இன்னும் டாஸின் நினைவில் இருக்கும். அதைக் கொண்டுபோய் இரண்டாவதின் மேல் எழுதிவிடலாம். இரண்டாவதில் இருந்த செக்ரோல் போச்சு. அதே டிஸ்கெட்டின் பூட்டைத் திறந்துவிட்டு ரீட்ரை கொடுங்கள், இல்லையென்றால் அபார்ட்டுக்கு ஏ அழுத்தி வெளியே வாருங்கள்.

பிறகு வைரஸ். எழுதும் தலைக்கு மின்சாரம் போகாமல் தடுப்பது டிரைவின் மின்சுற்றேதான், மென்பொருள் இல்லை. அதனால் 1986இல் வந்த பிரெய்னோ, மார்ச் 6ஆம் தேதி வேலையைக் காட்டும் மைக்கலேஞ்சலோவோ, பூட்டிய டிஸ்கெட்டுக்குள் ஏற முடியாது. ஆனால் தொற்று ஏற்கெனவே உள்ளே இருந்தால்? பூட்டியே வைத்து அதிலிருந்து கணினியைக் கிளப்பினாலும் மைக்கலேஞ்சலோ போன்றவை ஹார்ட் டிஸ்க்குக்குத் தாவிவிடும்.

காந்தத்துக்கும் பூஞ்சணத்துக்கும் இந்தப் பூட்டு தெரியாது. மூன்றரையின் உலோக மூடியை விலக்கிப் பாருங்கள். தட்டில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் டிரைவில் போட வேண்டாம், தலையும் கெடும், அடுத்துப் போடும் டிஸ்கெட்டும் கெடும்.