வீடு கட்ட ஒரு பழைய டிப்பர் வாங்கலாமா? அவசரத்தில் நடக்கும் தவறுகள்

என் சித்தி மகன் தக்கலை பக்கம் பத்து சென்ட் இடம் வாங்கி, வீட்டுக்கு வானம் தோண்டிவிட்டு ஒருநாள் போன் செய்தான். "அண்ணே, லோடுக்கு லோடு வாடகை குடுத்து முடியாது. பழைய ஆறு சக்கர டிப்பர் ஒண்ணு வாங்கிப் போட்டா வீட்டு வேலையும் முடியும், அப்புறம் அதே விலைக்கு வித்திரவும் செய்யலாம். பழைய வண்டி விலைதான் ஏறிட்டுல்லா கிடக்கு!"

இதே யோசனையை இந்த இரண்டு வருடத்தில் நாலைந்து பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டில் மாமா காலத்திலிருந்து டெம்போ ஓடியது. அந்தப் பழக்கத்தில் கேட்கிறார்கள். யோசனை முட்டாள்தனமானது இல்லை. ஆனால் விலை ஏறுகிறதே என்ற பயத்தில் கிளம்பியவர்கள் கடைசியில் கொடுத்தது, ஏறிய விலையைவிட அதிகம். எங்கெங்கே கை சுடுகிறது என்று பார்ப்போம்.

முதலில் விலை ஏன் ஏறியது என்று தெரிந்துகொள்ளாமல் வாங்குவதே ஒரு தவறு. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் வரும் வண்டிகள்தான் புதிதாகப் பதிவாகின்றன. புகையைச் சுத்தம் செய்ய வடிகட்டி, சென்சார், தனித் தொட்டியில் ஊற்றும் யூரியா கரைசல் என்று புது லாரிகளில் சாமான் கூடியது, விலையும் கூடியது. சென்சார் மக்கர் செய்தால் லேப்டாப் உள்ள ஒர்க்‌ஷாப்பைத் தேட வேண்டும். பழைய பி.எஸ்.3 வண்டியை மார்த்தாண்டத்திலோ திங்கள்சந்தையிலோ ஸ்பேனர் பிடித்த யாரும் பிரித்து மாட்டிவிடுவார்கள். அதனால்தான் பழசுக்கு மவுசு.

கல், மணல் கதை வேறு. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மலையை ஒட்டிய குவாரிகளுக்குக் கட்டுப்பாடு. லோடு பெரும்பாலும் ராதாபுரம், வள்ளியூர் பக்கமிருந்து காவல்கிணறு, ஆரல்வாய்மொழி வழியாக வருகிறது. அதே பாதையில் டாரஸ் என்னும் பல சக்கர லாரிகள் களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்கும் போகின்றன. விழிஞ்ஞம் துறைமுகம், நான்குவழிச் சாலை என்று பெரிய வாய்கள் பக்கத்திலேயே திறந்திருந்தன. போதாக்குறைக்கு 2025 ஏப்ரலில் கனிமம் உள்ள நிலத்துக்கான புது வரி அமலுக்கு வந்தது, கிரஷர்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், எம் சாண்ட் (கல்லை அரைத்து எடுக்கும் மணல்) விலை ஒரே மாதத்தில் பேச்சுப்பொருள் ஆனது. சுருக்கமாக, நம் ஊரில் சல்லியின் விலை என்பது கல்லின் விலை மட்டுமல்ல, அது வந்த தூரத்தின் டீசலும்கூட.

சரி, டிப்பர் கணக்குக்கு வருவோம். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு மணலும் சல்லியும் சேர்த்து ஏறக்குறைய 30 யூனிட் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி) பிடிக்கும். இரண்டு யூனிட் லோடு என்றால் பதினைந்து பதினாறு நடை. அஸ்திவாரக் கல், செங்கல், நிரப்பு மண் எல்லாம் சேர்த்தாலும் நாற்பது நடைக்கு மேல் போகாது. நாற்பது நடைக்கு ஒரு லாரி! மற்ற நாளெல்லாம் அது தென்னந்தோப்பில் நிற்கும். நிற்கிற வண்டிக்கும் வரி உண்டு, இன்சூரன்ஸ் உண்டு, பேட்டரி இறங்கும், டயர் வெடிக்கும். சொந்த வண்டி என்பதற்காகக் குவாரியில் நடைச்சீட்டு (லோடு எடுத்துச் செல்லும் அனுமதிச் சீட்டு) இல்லாமல் ஏற்றவும் முடியாது. சீட்டு இல்லாமல் பிடிபட்டால் வண்டி காவல் நிலைய வாசலில் மழையில் நனையும்.

இதற்குப் புரோக்கர் ஒரு பதில் வைத்திருப்பார்: "மூணு யூனிட் அடிக்கலாம் அண்ணே, நடை குறையும்." இங்கேதான் நிறையப் பேர் விழுகிறார்கள்.  ஒரு யூனிட் எம் சாண்ட் என்றால் சுமார் நாலரை டன். பழைய ஆறு சக்கர வண்டியின் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) மொத்த எடை 16.2 டன் என்று இருக்கும். வெறும் வண்டியே ஆறு, ஆறரை டன். மிச்சம் சுமார் பத்து டன். இரண்டு யூனிட் 9 டன், சரியாக இருக்கிறது. மூன்று யூனிட் 13.5 டன். அதாவது மூன்றரை டன் அளவுக்கு ஓவர்லோடு. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஒருமுறை மாட்டினால் அந்த மாத வாடகைச் சேமிப்பு போச்சு. "2018-இலேயே ரெண்டு அச்சு வண்டிக்கு 18.5 டன் ஆக்கிட்டாங்களே" என்று அடுத்த பதில் வரும். ஆக்கினார்கள்தான். ஆனால் சோதனையில் பார்ப்பது உங்கள் ஆர்.சி.யில் அச்சாகியிருக்கும் எண்ணை. பாடி வகையையும் அதில் பாருங்கள். ஆர்.சி.யில் திறந்த பாடி என்று இருந்து, வண்டியில் ஹைட்ராலிக் ஜாக்கி ஏறியிருந்தால், எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனை அன்று அது உங்கள் தலைவலி.

மீன் ஏற்றிய வண்டி

இது நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் என்று துறைமுகங்கள் வரிசையாக இருக்கின்றன. ஐஸும் உப்புத் தண்ணீரும் சொட்டச் சொட்ட ஓடிய வண்டிகள் சில வருடத்தில் கை மாறி, பெயின்ட் அடித்து, "செங்கல் லோடு மட்டும்தான் ஓடிச்சு" என்ற ஜாதகத்தோடு விற்பனைக்கு வரும்.

சித்தி மகனுக்காக நாங்கள் ஒரு டெம்போவைப் பார்க்கப் போனோம். டிப்பர் ஆசை அதற்குள் டெம்போ ஆசையாகச் சுருங்கியிருந்தது. வெளியே பளபளப்பு. அடியில் சேஸிஸ் முழுக்கப் புதுக் கறுப்பு பெயின்ட். கூட வந்த மெக்கானிக் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. பின் தளத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னார். வெயிலில் ஐந்து நிமிடம் நின்றோம். பலகை இடுக்கிலிருந்து மெதுவாக மீன் வாடை கிளம்பியது. பிறகு சின்னச் சுத்தியலோடு அடியில் நுழைந்து சேஸிஸைத் தட்டிக்கொண்டே போனார். முன்பக்கம் "டங், டங்" என்று மணி மாதிரி கேட்டது. பின் சக்கரத்துக்கு மேலே வந்ததும் "தொப்". கறுப்பு பெயின்ட்டோடு பிஸ்கட் மாதிரி ஒரு துண்டு துரு அவர் தோளில் விழுந்தது. வெளியே வந்து, "வா மக்கா, சாயா குடிப்போம்" என்றார். அவ்வளவுதான்.

எஞ்சினை விட சேஸிஸ்தான் முதலில் என்று நான் சொல்வது இதனால். எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்கலாம், இற்றுப்போன சேஸிஸுக்கு ஒட்டு வேலை மட்டும்தான். எஞ்சினுக்கு என் பங்குக்கு இரண்டு வார்த்தை: நீங்கள் போவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சின் எப்படி எழுகிறது, என்ன நிறத்தில் புகைகிறது என்று பாருங்கள். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தால், விலையில் எஞ்சின் வேலையைக் கழித்துப் பேசுங்கள்.

பழைய வண்டியின் விலையை இன்னொரு பழைய வண்டியோடு மட்டும் ஒப்பிடுவதும் தவறு. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய புது வண்டி விலையை மனதில் வைத்துக்கொண்டு பழசுக்கு விலை சொல்கிறவர்கள் இன்னும் உண்டு. ஷோரூமுக்கு ஒரு போன் போட்டு இன்றைய விலையைக் கேட்டுவிட்டுப் பேச உட்காருங்கள். பழைய வண்டி டீலர் மொத்த விலைக்கும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று சேர்த்தால் விடாதீர்கள். அந்த வரி அவருடைய லாபத்தின் மேல்தான். பதிவில்லாத தனி ஆளிடம் வாங்கினால் அதுவும் இல்லை. "டீசல் வண்டிக்குப் பத்து வருசம்தான் ஆயுசு" என்று பயம் காட்டி, விற்க வருகிறவரிடம் அடிமாட்டு விலைக்குக் கேட்பதும் நடக்கிறது. அந்தப் பத்து வருடக் கட்டுப்பாடு டெல்லி சுற்றுவட்டாரத்தில் வந்தது, நாகர்கோவிலில் அல்ல. ஆனால் வயதான வண்டிக்குச் செலவு கூடும் என்பது உண்மை. எட்டு வயது தாண்டினால் எஃப்.சி. வருடாவருடம். 15 வயது தாண்டிய கனரக வண்டிகளுக்கு 2022 ஏப்ரலிலிருந்து மத்திய அரசு கட்டணத்தையும் பெரிதாகக் கூட்டிவிட்டது.

எல்லைக்கு அந்தப்பக்கம் கே.எல். வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் ஓடுகிறவர்கள் கவனிக்க: அங்குள்ள ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று வேண்டும், இங்கே டி.என். 74 அல்லது 75-இல் மறுபதிவு, புதிதாக வரி. கேரளத்தில் மோட்டார் தொழிலாளர் நலநிதி என்று ஒன்று உண்டு. அதில் பாக்கி இருந்தால் வரியே கட்ட விடமாட்டார்கள். கேமரா அபராதங்களும் சேர்ந்து கிடக்கும். விலை பேசும் முன் மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் எண்ணைத் தட்டிப் பாருங்கள், செலவில்லாத வேலை.

வண்டி வேண்டாம், லோடு இறக்குகிறோம் என்றால்

சித்தி மகன் அந்த சாயாவுக்குப் பிறகு வாடகை லோடுக்கே வந்துவிட்டான். ஆனால் அங்கேயும் பள்ளம் உண்டு.

யூனிட் கணக்கை டிரைவர் வாயால் கேட்டு நம்புவது முதல் பள்ளம். முதல் லோடு வந்ததும் அவனை டேப்போடு பின்னால் ஏறச் சொன்னேன். உள்ளளவு நீளம் 10 அடி, அகலம் ஆறரை, மணல் நின்ற உயரம் இரண்டே முக்கால். பெருக்கினால் 178 கன அடி சொச்சம். சொன்னது இரண்டு யூனிட். டிரைவர் சிரித்துக்கொண்டே, "வரும்போ குலுங்கி இறங்கிட்டு" என்றார். கொஞ்சம் இறங்கும்தான், ஆனால் இருபது கன அடியா? அடுத்த லோடிலிருந்து மணல் குலுங்கவே இல்லை. இன்னொன்று, ஈர மணல் உப்பி நிற்கும். சற்றே நனைந்த மணல் கால் பங்கு வரை கூட அளவு காட்டும். மழைக்காலத்தில் இது பெரிய நஷ்டம். நமக்கோ வருடத்தில் இரண்டு மழைக்காலம்.

விலை குறைகிறதே என்று பாறைப்பொடியை எம் சாண்ட் என்று வாங்கிவிடாதீர்கள். கண்ணாடிக் குப்பியில் ஒரு கை போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். நல்ல எம் சாண்ட் சீக்கிரம் அடியில் உட்காரும். தண்ணீர் நெடுநேரம் பால் மாதிரி நின்றால் அது பொடி. ராத்திரி டெம்போவில் யாராவது மணல் தருகிறேன் என்றால் கதவைச் சாத்துங்கள். அது கடல் மணலாக இருந்தால் அதன் உப்பு கம்பியை உள்ளிருந்தே தின்றுவிடும், கேஸ் தனி.

கம்பியைத் துண்டு விலைக்குப் பேசாமல் எடைக்குப் பேசுங்கள். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மி.மீ. கம்பி 12 மீட்டர் நீளத்துக்கு சுமார் 10.7 கிலோ. இந்த அளவுக் கம்பிக்கு, கட்டின் சராசரியில் தரக் கட்டுப்பாடு அனுமதிக்கும் குறைவு 5 சதவீதம். சராசரி 10.1-க்குக் கீழே நின்றால், மலிவாகத் தந்த கடைக்காரர் இரும்பையும் குறைத்துத் தந்திருக்கிறார்.

சிமெண்டை முன்கூட்டி வாங்கிக் குவிப்பதும் பயத்தின் வேலைதான். மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் வலு குறையத் தொடங்கும். ஜூன் மழை ஈரத்தில் அதுவரைகூடத் தாங்காமல் கட்டி பிடிக்கும். மழையில் வேலைகள் நிற்பதால் விலையும் பெரும்பாலும் இறங்கும். 2025 ஆகஸ்டில் "இன்னும் ஏறும்" என்று மூட்டை மூட்டையாக அடுக்கியவர்கள், செப்டம்பர் 22-இல் சிமெண்டுக்கும் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆனபோது கொத்தனாரிடம் எரிந்து விழுந்தார்கள். பாவம், அவர் என்ன செய்வார்.

கடைசியாக, வண்டியை விற்கிறவர்களுக்கு. பழசுக்கு நல்ல விலை வருகிறதே என்று நிறையப் பேர் இப்போது விற்கிறார்கள். பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டு, தேதி எழுதாமல் கொடுத்துவிட்டு, பணத்தை எண்ணிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எங்கள் மாமா அப்படித்தான் செய்தார். வாங்கியவர் பெயர் மாற்றவில்லை. வேறு ஒருவருக்கு விற்றார், அவரும் மாற்றவில்லை. மூன்றாவது வருடம் விபத்து இழப்பீட்டு வழக்கில் மாமா பெயருக்கு நோட்டீஸ் வந்தது. அப்போது வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் ஒரு தீர்ப்பில் தெளிவாகச் சொல்லிவிட்டது. விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. மாமாவுக்கு அது தெரிந்தது வக்கீல் சொல்லித்தான்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் எந்த வண்டி விற்றாலும், வாங்குகிறவரோடு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரை கூடவே போகிறோம். அன்றைய சாயாக் காசு எங்களுடையது.