கவலை மீன் வலைக்குப் போன கட்டுமரத்தை அளந்து வைப்பது எப்படி?

கடலூரிலிருந்து பரங்கிப்பேட்டை வரை எந்தக் குப்பத்துக்குப் போனாலும் இன்று கரையில் நிற்பது ஃபைபர் படகுதான். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்தவற்றில் அவையே அதிகம். மீன் கூட்டத்தை வளைத்துச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடி வலையும் மோட்டாரும் வருவதற்கு முன்னால் இந்தக் கரைக்குக் கவலை என்ற மத்தி இனச் சிறு மீனைக் கொண்டுவந்தது கட்டுமரம். அப்படி ஒரு மரம் இன்னும் எங்காவது கிடந்தால், விறகாகப் போவதற்குள் அளந்துவிடுங்கள். பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவன் நான். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

மரத்துக்காரரிடம் அனுமதி கேட்ட கையோடு, மரம் கட்டத் தெரிந்த பெரியவர் ஒருவரையும் கூப்பிடுங்கள். அவர் வராமல் ஆரம்பிக்கவே வேண்டாம். கட்டுமரம் கடலில் மட்டும்தான் முழுசாக இருக்கும். கரை ஏறியதும் கயிற்றை அவிழ்த்து, தண்ணீர் குடித்துக் கனத்த மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள். கட்டிக் காட்ட ஆள் இல்லையென்றால் நீங்கள் அளப்பது வெறும் கட்டைகளைத்தான்.

டேப், நூல்கண்டு, சாக்பீஸ், கெட்டியான அலுமினியக் கம்பி, பழைய செய்தித்தாள், போன். இவ்வளவு போதும்.

அணியத்தை, அதாவது கட்டுமரத்தின் முன்முனையை, பார்த்து நின்றுகொண்டு இடமிருந்து வலமாக ஒவ்வொரு மரத்துக்கும் எண் போடுங்கள். ஒவ்வொன்றின் நீளத்தையும் குறியுங்கள்; நடுமரம்தான் பெரும்பாலும் நீளம். அப்புறம் முனைக்கு முனை நூலை விறைப்பாக இழுத்துக் கட்டி, 25 செ.மீ.க்கு ஒருமுறை நூலுக்கும் மரத்துக்கும் உள்ள இடைவெளியை எழுதுங்கள். அணியம் மேலே வளையும் இடத்தில் மட்டும் 10 செ.மீ.க்கு ஒருமுறை. அலை ஏறுவதற்காகச் செதுக்கிய வளைவு அது. அவசரப்பட்டால் அதுதான் முதலில் தப்பாகும். மரத்தின் மேல் கம்பியை அழுத்தி வளைத்து, அப்படியே எடுத்துச் செய்தித்தாளில் வைத்து வரைந்தால் குறுக்குவெட்டு கிடைத்துவிடும்.

தேய்க்காதீர்கள், பெயின்ட் அடிக்காதீர்கள். வாய்ச்சி (மரம் செதுக்கும் கருவி) செதுக்கிய தடம், கயிறு அறுத்த பள்ளம் எல்லாவற்றையும் காலை வெயில் சாய்வாக விழும்போது படம் எடுங்கள். பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கட்டு விழுந்திருக்கும்.

இனிதான் முக்கியமான வேலை. பெரியவரைக் கட்டச் சொல்லி, முதல் சுற்றிலிருந்து கடைசி முடிச்சு வரை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். முகத்தை விட்டுவிட்டுக் கைகளை எடுங்கள். இடையிடையே கேளுங்கள்: "தாத்தா, கவலை வலைக்குப் போறப்ப எத்தன பேரு ஏறுவீங்க? வலைய எந்தப் பக்கம் வெப்பீங்க? பாய் கட்டுவீங்களா?" அவர் சொல்லும் பெயர்களை அவர் சொன்னபடியே எழுதுங்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும், மரத்தின் எண்ணிக்கையும் மாறும். நம் வசதிக்குத் திருத்தக் கூடாது.

பழைய கவலை வலைத் துண்டு கிடைத்தால் விடாதீர்கள். மீன் தலையை நுழைத்துச் செவுளில் மாட்டிக்கொள்கிற வலை அது. அதனால் கண்ணின் அளவே எந்த மீனுக்கு வைத்தார்கள் என்று சொல்லிவிடும். பத்துக் கண்ணைச் சேர்த்து இழுத்து அளந்து பத்தால் வகுங்கள். பருத்தி நூலா நைலானா என்பதையும் குறியுங்கள்.

எல்லாத் தாளிலும் ஊர், தேதி, சொன்னவர் பெயர் (அவர் சம்மதித்தால்) இருக்கட்டும். மூன்று நகல் எடுங்கள். முதல் நகல் மரத்துக்காரர் வீட்டுக்கு, அடுத்தது ஊர்ப் பஞ்சாயத்துக்கு, மூன்றாவது உங்களுக்கு.