சமாரியா முதல் ஸ்ஃபாகியா வரை: கிரீட் தீவில் நடப்பவர்கள் செய்யும் தவறுகள்

அயா ரூமெலிக்குச் சாலை கிடையாது. கிரேக்க நாட்டின் கிரீட் தீவில், தென்மேற்குக் கரையில், வெண்மலைகளின் காலடியில் இருக்கும் சிற்றூர் அது. புகழ்பெற்ற சமாரியா மலையிடுக்கில் 16 கிலோமீட்டர் இறங்கி வருகிறவர்கள் எல்லோரும் வந்து சேருமிடமும் அதுதான். அங்கிருந்து வெளியே போகப் படகு வேண்டும். படகைத் தவறவிட்டால் மிச்சமிருப்பவை மலைப்பாதைகள் மட்டுமே. இந்தக் கரையில் நடை கெட்டுப்போவதற்கான காரணங்களில் பாதி இதை மறந்துவிடுவதில் தொடங்குகிறது. பலர் புறப்படும் நேரத்தை மட்டும் யோசிக்கிறார்கள். யோசிக்க வேண்டியது படகு கிளம்பும் நேரம்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். கோடையில் கடைசிப் படகு பெரும்பாலும் மாலை 5.30 மணியை ஒட்டிக் கிளம்பும். ஆண்டுக்கு ஆண்டு, மாதத்துக்கு மாதம் நேரம் மாறும் என்பதால் முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட் வாங்கி, ஏதாவது சாப்பிட்டு, காலை நீட்டி உட்கார ஒரு மணி நேரமாவது வேண்டும் என்றால் 4.30-க்குக் கரையில் இருக்க வேண்டும். பூங்காவின் கீழ்வாசலிலிருந்து கடற்கரைக்கு இன்னும் 3 கிலோமீட்டர். 13-ஆவது கிலோமீட்டரில் வாசலைக் கண்டதும் நடை முடிந்தது என்று நினைத்துக் கால்கள் தளர்ந்துவிடுகின்றன. நிழலே இல்லாத பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. எனவே 3.30-க்குக் கீழ்வாசல். பாதி வழியில் இருக்கும் பழைய சமாரியா ஊரை விட்டு 1.30-க்குள் கிளம்பியாக வேண்டும். 1962-இல் இந்த இடம் தேசியப் பூங்கா ஆனபோது அங்கே குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள். இன்று கல்வீடுகள் மட்டும் நிற்கின்றன. மேல்வாசலான க்ஸிலோஸ்கலோவிலிருந்து அங்கே வர 3 மணி நேரம் ஆகும். ஆக, காலை 10 மணிக்குப் பிறகு இறங்கத் தொடங்குவது சூதாட்டம். 8 மணிக்குத் தொடங்கினால் நிம்மதி. பிற்பகலில் வருகிறவர்களை முழுநடைக்கு அனுமதிப்பதும் இல்லை.

இறக்கம் எளிது என்ற நினைப்பு

"எல்லாம் இறக்கம்தானே" என்ற பேச்சைப் போல் முழங்காலைக் கெடுத்தது வேறில்லை. க்ஸிலோஸ்கலோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,230 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதில் ஏறக்குறைய பாதியை முதல் 4 கிலோமீட்டருக்குள் இறங்கிவிடுகிறோம். ஏறும்போது மூச்சு வாங்கும், உடம்பே நம்மை நிறுத்தும். இறங்கும்போது அந்த எச்சரிக்கை கிடையாது. ஒவ்வொரு அடியிலும் உடம்பின் எடையைத் தொடைத் தசை நீண்டுகொண்டே தாங்குகிறது. இப்படி நீண்டு தாங்கும் வேலைதான் தசையை அதிகம் சிதைப்பது. அப்போது வலி தெரியாது. மதியத்துக்கு மேல் கால் நடுங்கும், மறுநாள் விடுதிப் படிக்கட்டில் இறங்கவே முடியாது. கால் நடுங்கத் தொடங்கும் அதே நேரத்தில்தான் பாதை ஆற்றுப் படுகைக்குள் நுழைகிறது. தேய்ந்து வழவழத்த உருண்டைக் கற்கள். கணுக்கால் பிசகுவது செங்குத்தான மேல்பகுதியில் அல்ல, பெரும்பாலும் இங்கேதான்.

செய்ய வேண்டியவை சில உண்டு. குட்டையான அடிகளாக வையுங்கள், முழங்காலைச் சற்று மடக்கியே வையுங்கள். இரண்டு ஊன்றுகோல்களை, இறக்கத்துக்கு ஏற்ப வழக்கத்தைவிட 5 முதல் 10 சென்டிமீட்டர் நீட்டி, முன்னால் ஊன்றி எடையைப் பகிருங்கள். கால் நகங்களை முந்தின நாளே ஒட்ட வெட்டுங்கள். ஷூவின் நாடாவைக் கணுக்கால் மடிப்பில் இறுக்கிக் கட்டினால் பாதம் முன்னால் சரியாது. இல்லாவிட்டால் பெருவிரல் நகம் 16 கிலோமீட்டரும் ஷூவின் முனையில் மோதிக் கறுத்துவிடும். செருப்பும் மெல்லிய அடிப்பாகம் கொண்ட ஓட்டக் காலணியும் இந்தக் கற்களுக்கு ஆகாது. புத்தம்புது ஷூவும் ஆகாது.

முழங்கால் ஏற்கெனவே தொந்தரவு தருகிறது, அல்லது சிறு பிள்ளைகள் உடன் இருக்கிறார்கள் என்றால் மேலிருந்து இறங்கவே வேண்டாம். படகில் அயா ரூமெலிக்கு வந்து, கீழிருந்து 'வாயில்கள்' வரை போய்த் திரும்பலாம். சுவர்கள் ஏறத்தாழ 300 மீட்டர் உயர்ந்து நிற்க, நடுவே மூன்று நான்கு மீட்டர் மட்டும் வழிவிடும் அந்த இடுக்குத்தான் இந்த நடையின் உச்சம். அதைப் பார்க்க முழங்காலைப் பலி கொடுக்கத் தேவையில்லை.

தண்ணீரை எல்லா இடத்துக்கும் ஒரே அளவாகக் கொண்டுபோவது

சமாரியாவின் மேல்பாதியில் ஓய்விடங்கள்தோறும் குடிக்கத்தக்க ஊற்று நீர் வருகிறது. அங்கே 3 லிட்டர் சுமப்பது வீண் பாரம். ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பிக்கொண்டே போகலாம். ஓடையில் மட்டும் அள்ளிக் குடிக்காதீர்கள், மேலே ஆடுகளும் கோவேறு கழுதைகளும் நடமாடுகின்றன. கடைசி ஊற்றில் பாட்டிலை முழுதாக நிரப்பிக்கொள்ளுங்கள்.

கடலோரப் பாதையில் கதை தலைகீழ். அயா ரூமெலியிலிருந்து கிழக்கே லூத்ரோவுக்குப் போகும் வழி சுமார் 14 கிலோமீட்டர், ஐந்தரை ஆறு மணி நேரம். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் நடந்தால் கடலோரத்தில் தனியாக நிற்கும் அயியோஸ் பாவ்லோஸ் என்ற பழைய கல்தேவாலயம் வரும். அதற்குப் பிறகு மர்மாரா கடற்கரை வரை நம்பத்தக்க தண்ணீர் எதுவும் இல்லை. இங்கே தலைக்கு 3 லிட்டர் என்பது குறைந்தபட்சம். வழியில் தவேர்னா (சிறு உணவகம்) இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதை நம்பித் தண்ணீரைக் குறைக்காதீர்கள். அந்தக் கடைகள் சீசனில் மட்டும் திறப்பவை.

வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் தவறு. வியர்வையில் உப்பும் போகிறது; தண்ணீரை மட்டும் ஈடுகட்டினால் தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வரும். உள்ளூர்க்காரர்கள் பையில் வைத்திருக்கும் பார்லி ரஸ்க்கும் ஆலிவும் பாலாடைக்கட்டியும் உப்பைத் திருப்பிக் கொடுக்கும் சாப்பாடுதான். ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். பொடி இருந்தாலும் போதும்.

வெயிலைக் கடற்காற்று மறைத்துவிடும்

ஜூலை, ஆகஸ்டில் கடலோரப் பாதையில் நடக்க வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. 2024 ஜூனில் கிரேக்கத் தீவுகளில் கடும் வெயிலில் நடக்கப் போன சுற்றுலாப் பயணிகள் பலர் அடுத்தடுத்து இறந்தார்கள். காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் எவ்வளவு நீர் போகிறது என்று தெரிவதில்லை. சுண்ணாம்புப் பாறை வெயிலைக் கீழிருந்தும் திருப்பி அடிக்கிறது. நடுப்பகலில் மயிர்க்கூச்சம், தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் என்று எது தெரிந்தாலும் அது வெப்பத்தாக்கு. நிழலில் படுக்க வைத்து, சட்டையை நனைத்து, விசிறிக்கொண்டே 112-ஐ அழையுங்கள். இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று நடத்திக் கூட்டிப்போகாதீர்கள். மலையிடுக்குகளுக்குள் பல இடங்களில் சிக்னல் இருக்காது. சமாரியாவில் பூங்காக் காவலர்கள் உண்டு, நடக்க முடியாதவர்களைக் கோவேறு கழுதையில் ஏற்றிக் கொண்டுவருவார்கள்.

ஏப்ரல் கடைசி, மே, செப்டம்பர் பிற்பாதி, அக்டோபர்: இவைதான் நடைக்கான மாதங்கள். சமாரியா பொதுவாக மே முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும். மழை, வெப்ப அலை, பலத்த காற்று என்றால் அன்று காலையே மூடிவிடுவார்கள். மே தொடக்கத்தில் ஓடையில் நீர் மிகுந்திருக்கும், கால் நனையாமல் கடக்க முடியாது. மழை மேகம் தெரிந்தால் எந்த இடுக்கிலும் இறங்காதீர்கள். உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருந்தும், மேலே மலையில் பெய்த மழை சில மீட்டர் அகலமுள்ள இடுக்கில் வெள்ளமாக வரக்கூடும்.

தவறான கிளையில், தவறான படகில்

அயியோஸ் பாவ்லோஸைத் தாண்டி, பைன் மரங்களுக்கிடையே பாதை மேலேறி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கடலுக்கு இணையாக மர்மாராவுக்கும் லூத்ரோவுக்கும் போகிறது. இன்னொன்று செங்குத்தாக வளைந்து வளைந்து, ஏறத்தாழ 780 மீட்டர் உயரத்தில் இருக்கும் அயியோஸ் யோவானிஸ் ஊருக்கு ஏறுகிறது. இரண்டும் நல்ல பாதைகள் என்பதுதான் சிக்கல்; கிளையைக் கவனிக்காமல் ஏறியவருக்கு அரை மணி நேரம் கழித்துத்தான் சந்தேகமே வரும். லூத்ரோ போகிறவர் பிரிவுக்குப் பிறகு தொடர்ந்து மலையேறிக்கொண்டே இருந்தால், நின்று திரும்ப வேண்டும்.

இந்தக் கரைப்பாதை, கிஸ்ஸாமோஸிலிருந்து காட்டோ ஸாக்ரோஸ் வரை தீவைக் குறுக்கே கடக்கும் ஈ4 நெடும்பாதையின் ஒரு பகுதி. மஞ்சளும் கறுப்புமான குறிகளைத் தேடுங்கள். குறி இல்லாமல் 10 நிமிடம் நடந்துவிட்டால் கடைசியாகக் கண்ட குறிக்குத் திரும்புங்கள். வேலியில்லாத ஆட்டுத்தடங்கள் பாதை போலவே இருக்கும்; பாறை விளிம்பில் கொண்டுபோய் விட்டுவிடும். அனவாசி நிறுவனத்தின் 1:25,000 வரைபடம் ஒன்று கையில் இருக்கட்டும், செல்போனிலும் இணையமில்லாமல் திறக்கும்படி இறக்கி வையுங்கள். நேரத்தைச் சமதள வேகத்தில் கணக்கிடாதீர்கள்: மணிக்கு இரண்டரை கிலோமீட்டர்தான் இங்கே நியாயமான வேகம். ஒரே ஊரைப் பலகைகளில் ரோமன் எழுத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். ஹானியா என்ற ஊர்ப்பெயர் ஒன்றில் 'சி' என்ற எழுத்திலும், இன்னொன்றில் 'எக்ஸ்' எழுத்திலும் தொடங்கலாம், இரண்டும் ஒன்றுதான்.

அயா ரூமெலியிலிருந்து படகுகள் இரு திசையிலும் போகின்றன: கிழக்கே லூத்ரோ, ஸ்ஃபாகியா பகுதியின் முக்கிய ஊரான ஹோரா ஸ்ஃபாகியோன்; மேற்கே சூயா, பாலியோஹோரா. ஹானியாவில் தங்கியிருப்பவர்கள் எந்தப் பக்கம் இறங்கினாலும் படகை ஒட்டி வரும் பேருந்தில் திரும்பலாம். காரை மேலே, மேல்வாசலுக்கு அருகிலுள்ள ஓமலோஸில் விட்டு வந்தவர்கள் சூயா பக்கமே போக வேண்டும். அதைவிட, காரை விட்டு வராமல் காலைப் பேருந்தில் மேலே போவது எவ்வளவோ மேல். கடும் காற்று நாட்களில் படகே ஓடாது. மறுநாள் விமானம் என்றால் முந்தின நாள் சமாரியா வைத்துக்கொள்ளாதீர்கள். மேல்வாசலில் தரும் நுழைவுச் சீட்டைக் கீழ்வாசலில் கேட்பார்கள். யாராவது உள்ளே தங்கிவிட்டார்களா என்று தெரிந்துகொள்ள அதுதான் வழி, தூக்கி எறியாதீர்கள்.

சின்னத் தவறுகள்

'கல் விழும் இடம்' என்ற பலகையின் கீழே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களைத் தினமும் காணலாம், அங்கே நிழல் இருப்பதால். மேலே ஆடுகள் நடந்தாலே கற்கள் உருளும். அந்தப் பகுதியை நிற்காமல் கடந்துவிடுங்கள். பூங்காவுக்குள் ஓடையில் குளிப்பதும், தீ மூட்டுவதும், இரவு தங்குவதும் தடை. பாறை இடுக்கில் வளரும் டிக்டாமோ என்ற மூலிகை கிரீட்டுக்கே உரியது, பறிக்கக் கூடாது. கிரி-கிரி என்ற காட்டாடு பழகிய ஆடு போலக் கிட்டே வரும். தீனி கொடுத்துக் கெடுக்காதீர்கள்.

லூத்ரோவிலிருந்து ஹோரா ஸ்ஃபாகியோன் வரையிலான இரண்டு இரண்டரை மணி நேர நடையை எளிதென்று எண்ணி மாலையில் கிளம்புகிறவர்கள் உண்டு. கூழாங்கற்களுக்கு அடியிலிருந்து நன்னீர் கசியும் க்ளிகா நெரா கடற்கரையைத் தாண்டினால் பாதை செங்குத்துப் பாறைச் சரிவில் ஒட்டிச் செல்கிறது. தலைசுற்றல் உள்ளவர்கள் அதைப் பகல் வெளிச்சத்தில், நடுவில் நிற்காமல் கடக்க வேண்டும். கடைசிப் பகுதி தார்ச்சாலை. வளைவுகளில் வண்டிகள் நடப்பவரை எதிர்பார்க்காமல் வரும், எதிரே வரும் வண்டி தெரியும்படி இடது ஓரமாக நடங்கள்.

வழியில் ஆடு மேய்ப்பவர்களின் கம்பிவேலிகள் குறுக்கிடும். கதவு பூட்டியிருக்காது, கம்பியாலோ கயிறாலோ சுற்றியிருக்கும். அவிழ்த்துப் போய், மறுபடி அதே போலச் சுற்றிக் கட்டிவிட்டு நடங்கள்.